இருபது ஆணி

"ஏனுங்க, இந்தச் சேலையைக் கண்ணாடி பிரேம் போட்டு இன்னிக்கே தரோணும். அப்புறம் யாராலயும் அதைத் திறக்கவே முடியக் கூடாது."

செவ்வாய்ப்பேட்டையில் பிரேம் கடை வைத்திருக்கும் இளஞ்செழியனுக்கு இது புதுசு. அவரிடம் வருவது சாமி படமும் செத்தவர் படமும்தான். இரண்டு கூட்டமும் வாயைத் திறந்து குறை சொல்லாது. நிம்மதியான தொழில்.

வந்தவள் பெயர் தனப்பிரியா, திருச்செங்கோட்டுக்காரி. பையைப் பிரித்தால், அரக்குச் சிவப்பில் பழைய பட்டுக் கூறைச்சேலை. மடிப்புக்கு மடிப்பு நைந்திருந்தது.

"யாரோடதுங்க?"

"எங்க அத்தையோட கல்யாணக் கூறைங்க."

"அடடா, அவங்க எப்பத் தவறினாங்க?"

"எங்கீங்க தவறினாங்க? காலையில மூணு இட்லி தின்னுட்டு, சட்னியில உப்பில்லைன்னு என்னைத் திட்டிட்டுப் படுத்திருக்காங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "இது அவங்களுக்குத் தெரியுமா?"

"தூங்கறப்ப பீரோவுல இருந்து எடுத்துட்டு வந்துட்டேன்."

ஆகா, வாய்த்தாலும் இப்படி ஒரு மருமகள் வாய்க்கணும்! மாமியாருக்கு மூச்சு இருக்கும்போதே சேலையைச் சுவரில் மாட்டப் பார்க்கிறாள். புது வீட்டு சோபாவுக்கு மேலே சிவப்பாக ஒன்று தேவைப்பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

"தைச்சுப் பொருத்தித் தாரேன். காடாத்துணி மேல மெல்லிசு ஊசியால ஓரம் பிடிச்சு, கண்ணாடி பட்டுல படாம இடைவெளி விட்டு, பின்னாடி நாலு ஸ்க்ரூ. எப்ப வேணும்னாலும் கழட்டிக் கட்டிக்கலாம்."

"கட்டிக்கவே கூடாதுங்க! பசை போட்டு ஒட்டிருங்க. ஆணி அடிச்சிருங்க."

"பட்டுக்குப் பசையா?" இளஞ்செழியன் எழுந்தே விட்டார். "மாமியார் மேல இருக்கற கோபத்தைச் சேலை மேல காட்டாதீங்கம்மா. அவங்க சொல்லாம நான் ஊசிகூடக் கோக்க மாட்டேன். எடுத்துட்டுக் கிளம்புங்க."

தனப்பிரியாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. ஸ்பீக்கரைப் போட்டு மேஜை மேல் வைத்தாள்.

"நீங்களே கேளுங்க."

"ஏம் புள்ள, என்ற கூறைச்சேலை எங்க?" மாமியார் சென்னியம்மாள் போட்ட சத்தத்தில் சாமி படங்களே ஒரு ஆட்டம் ஆடின. "நான் போறப்ப அதைத்தான் என் மேல போர்த்தோணும்னு சொன்னேனா இல்லியா? உன்ற மாமன் உசுரோட இருக்கறப்பவே பூவும் பொட்டுமாப் போயிரோணும். இருதய ஆபரேசனும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்!"

"நாளைக்கு ஆபரேசன் பண்ணுனா இன்னும் பத்து வருசம் இருப்பீங்கன்னு டாக்டர் சொல்றாரு. நீங்க என்னடான்னா சேலையை எடுத்து வச்சுக்கிட்டுச் சாக நாள் பார்க்கறீங்க. அதான் அத்தை, கண்ணாடிக்குள்ள போட்டுட்டேன். இப்பப் போனா அந்தக் கிழிஞ்ச நைட்டியோடதான் போகோணும். ஊர்ச் சனம் பூரா வந்து பார்க்கும்."

"அடிப் பாவி! அந்தக் கண்ணாடியைக் கழட்டச் சொல்லு!"

இளஞ்செழியன் மேஜையில் கிடந்த சேலையைப் பார்த்தார். இன்னும் மடிப்புக்கூடக் கலையவில்லை. போன் பக்கம் குனிந்தார்.

"பசை போட்டு ஒட்டி, இருபது ஆணி அடிச்சாச்சுங்கம்மா. இனிக் கழட்டுனா சேலை நார் நாராப் போயிரும்!"

சென்னியம்மாளின் சத்தம் பாதியாக இறங்கியது.

"ஏம் புள்ள... ஆஸ்பத்திரிக்கு நாளைக்கு எத்தன மணிக்குப் போகோணும்?"