பூக்குழியில் நின்றவர்

எல்லாரும் ஓடினார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் நடந்தார்.

நெருப்பில் நாலு எட்டு வைத்துப் பால்குழியில் குதிக்கிறவர்களைத்தான் உழவர்கரையில் நாங்கள் வருஷா வருஷம் பார்த்திருக்கிறோம். இவர் நடுக்குழியில் நின்றார். நின்று, திரௌபதியம்மன் கரகத்தைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார்.

‘கோவிந்தா, கோவிந்தா’ என்று கூட்டம் கத்தியது.

என் வீட்டுக்காரர் பஞ்சநாதனைத் தெருவில் தெரியாதவர் கிடையாது. பல் விளக்குவதற்கு முன்பே கையில் செல்போன். அடுத்தவர் பண்டிகைக்கெல்லாம் லீவு விடுகிறார்கள், நம்ம தீமிதிக்கு ஏன் இல்லை என்று வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினார். நம்ம சாமியைக் கும்பிடாதவனுக்கு ஓட்டு கிடையாது என்று டீக்கடையில் சண்டை போட்டார்.

அதெல்லாம் தொலையட்டும் என்று விட்டுவிடுவேன்.

சர்க்கரை வியாதியே பொய், மாத்திரை விற்க வெள்ளைக்காரன் கட்டிவிட்ட கதை என்று செல்போனில் ஒரு செய்தி வந்தது பாருங்கள், அதைத்தான் விட முடியவில்லை. காப்புக் கட்டின அன்றைக்கே தன் சர்க்கரை மாத்திரை அத்தனையையும் குப்பையில் கொட்டினார்.

போன மாசம் நெல்லித்தோப்பு வரைக்கும் போனவர் ஒற்றைச் செருப்போடு திரும்பி வந்தார். இன்னொன்று எங்கே என்று கேட்டதும், குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். அவர் இவருடைய பாதத்தில் ஊசியால் குத்திக் குத்திப் பார்த்தார். இவர் மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு, “எப்ப சார் குத்துவீங்க?” என்று கேட்டார்.

கால் மரத்துப்போய்விட்டது, வீட்டுக்குள்ளேகூட வெறுங்காலோடு விடாதீர்கள் என்று டாக்டர் என்னிடம்தான் சொன்னார்.

சாமி நம்பிக்கை இல்லாதவள் இல்லை நான். எனக்கும் அம்மா என்றால் உயிர். ஆனாலும் வேண்டாம் வேண்டாம் என்று கெஞ்சினேன். காலில்கூட விழுந்தேன், அந்தக் காலிலேயே. அம்மா பார்த்துக்கொள்வாள், நீ வாயை மூடு என்றார்.

இப்போது பால்குழியிலிருந்து ஏறி என்னிடம் வந்தார். முகம் அப்படி மலர்ந்திருந்தது.

“சூடே தெரியலடி அஞ்சலாட்சி! பூ மேல நடந்த மாதிரி இருந்துச்சு. அம்மா என்னைத் தொட்டுட்டாடி!”

அழுதார். கல்யாணம் ஆனதிலிருந்து அவர் அழுது நான் பார்த்ததில்லை.

குனிந்து பார்த்தேன். பாதத்துத் தோல் வழண்டு பாலாடை மாதிரி ஒதுங்கியிருந்தது. பாலும் மஞ்சளும் சேறுமாகக் கிடந்த காலை வேறு யார் உற்றுப் பார்த்தார்கள்? தொட்டுத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். பக்கத்து வீட்டு வினோதா தன் கைக்குழந்தையின் தலையைக் கொண்டுபோய் அந்தக் கால்மேல் வைத்தாள்.

என்னால் முடியவில்லை.

“தொடாதீங்கடி! செத்த காலுடி அது! அதுல உசுரே இல்ல!”

கத்திய வேகத்தில் கொண்டை அவிழ்ந்து முடி முகத்தில் விழுந்தது. உடம்பெல்லாம் உதறியது. அப்புறம் வினோதாதான், “அம்மா வந்துட்டா!” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

பம்பைக்காரர் அடியை ஏற்றினார். யாரோ என் கையில் வேப்பிலைக் கொத்தைத் திணித்தார்கள். பூசாரி கற்பூரத் தட்டோடு வந்து, தாயே, என்ன குறை, சொல் என்று குனிந்து நின்றார்.

அடப்பாவிகளா! இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் எனக்குச் சாமி வந்ததில்லை. அன்றைக்கும் வரவில்லை.

அது நான்தான், சாமியில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் அவரைப் பார்த்தேன். என் எதிரில் மண்டி போட்டு, கைகூப்பி, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னோடு வாழ்ந்த காலத்தில் அவர் நான் சொல்வதைக் கேட்கக் காத்திருந்தது அந்த ஒரு தடவைதான்.

ஆகட்டும், அம்மாவாகவே இருந்துவிட்டுப் போகிறேன். தப்பென்றால் அவளே என்னைத் தண்டிக்கட்டும்.

தலையைச் சுழற்றினேன். வேப்பிலையை ஓங்கி அவர் தோளில் அடித்தேன்.

“டேய்! இப்பவே பெரியாஸ்பத்திரிக்குப் போடா!”

பம்பை நின்றுவிட்டது.

பூசாரி அவரைப் பார்த்தார். அவர் என்னைப் பார்த்தார். கோபமில்லை. பரிதாபம்தான் இருந்தது. மெதுவாக எழுந்துகொண்டார்.

“அம்மா ஆஸ்பத்திரிக்குப் போன்னு சொல்ல மாட்டா. இவ மேல வந்திருக்கிறது வேற என்னமோ. ஓட்டி உடுங்க சாமி.”

என் கையிலிருந்த வேப்பிலையைப் பிடுங்கி என்னையே அடித்தார்கள். முகத்தில் விபூதியை அள்ளி வீசினார்கள். கண் எரிந்தது. அப்போது நிஜமாகவே அவளைக் கூப்பிட்டேன். அம்மா, எனக்கு ஒன்றும் வேண்டாம், ஒரே ஒரு தடவை என் வாயில் வந்து நான் சொன்னதையே நீ சொல்லிவிட்டுப் போ என்று மனசுக்குள் கதறினேன்.

வரவில்லை.

அடி நின்றது. யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். நான் மூச்சு வாங்கிக்கொண்டு தரையில் கிடந்தேன்.

அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் வேட்டு வெடித்தது. ஓட்டுக் கேட்டு வருகிற கட்சிக்காரர் மாலையும் ஆளுமாகத் தாமதமாக வந்து இறங்கினார். இவர் நெருப்பில் நின்றதை அவர் பார்க்கவில்லையாம். அண்ணனுக்காக இன்னொரு தடவை நின்று காட்டுங்கள் என்று கூட வந்தவர்கள் கேட்டார்கள்.

என் வீட்டுக்காரர் மஞ்சள் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு குழியைப் பார்த்து நடந்தார்.

நொண்டக்கூட இல்லை.