அரசியின் கையெழுத்து

டவுன்டவுன் நூலகத்தின் மங்கலான அறையில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்கு மட்டும் வெளிச்சம் விழுகிறது. உள்ளே, ஐந்நூறு வருடங்களுக்கு முன் ஓர் அரசி சமாதானம் கேட்டு அயல்நாட்டு அரசனுக்கு அனுப்பிய கடிதம் தேன் நிறத்தில் கிடக்கிறது. வரிகளெல்லாம் அரண்மனை எழுத்தரின் கைவேலை, முத்து முத்தாக இருக்கின்றன. அடியில் பெயரை மட்டும் அரசியே எழுதியிருக்கிறாள். பெரிதாக, கோணலாக, மை தெறித்து நிற்கும் அந்தப் பெயருக்கு முன்னால் அத்தனை அழகான வரிகளும் சிறுத்துப் போகின்றன. என்னோடு வந்த றெஜினா மாமி குனிந்து பார்க்கிறார். நாளைக்கு ஜெயனி அக்காவின் குழந்தைக்கு ஞானஸ்நானம், மாமிதான் ஞானத்தாய். மாதா கோயில் பதிவேட்டில் எல்லோரும் பார்க்கக் கையெழுத்து வைக்க வேண்டும். அவருக்குத் தமிழில்தான் எழுத வரும். வெட்கப்பட்டு, ஒரு கிழமையாக ஆங்கில எழுத்தைப் பழகுகிறார். பேனையை எடுத்தாலே கை நடுங்குகிறது. “எடி பிள்ளை, இவ மகாராணியே? கோழி கிண்டின மாதிரியெல்லோ கிடக்கு!” “ஓம் மாமி. அதைப் பாக்கத்தான் இவ்வளவு சனமும் வருது.” மாமி வாய்விட்டுச் சிரிக்கிறார். அந்த மூச்சு பட்டுக் கண்ணாடியில் ஆவி படிகிறது. அரசியின் பெயருக்கு நேர் மேலே, அந்த ஆவியில், சுட்டுவிரலால் ‘றெஜினா’ என்று தமிழில் எழுதுகிறார். விரல் நடுங்கவில்லை.