மூன்றாவது பிடி

குழந்தைசாமியின் மானம் அன்றைக்குக் கிலோ அறுநூற்று எழுபது ரூபாய்.

மிளகு மூட்டையோடு சோளக்காட்டுச் சந்தைக்குக் கிளம்பும்போது மனைவி பொன்னாயியிடம் சொல்லிவிட்டு வந்த விலை அது. ஒரு ரூபாய் குறைந்தாலும் மூட்டை வீட்டுக்கே திரும்பும் என்று சவாலே விட்டிருந்தார்.

“வெல கெடக்கட்டும். அந்தப் பாட்டு என்னைக்கு முடியும், அதச் சொல்லுங்க” என்றாள் பொன்னாயி.

குழந்தைசாமி ஆடி மாதத்திலிருந்து கிடார் பழகுகிறார். பலாமரக் கவட்டையில் செல்போனைச் செருகி வைத்து, அதில் வரும் தாடிக்காரர் செய்வதை அப்படியே செய்வார். ப்ளூஸ் பாட்டு என்றால் சோகத்தை அலட்டிக்கொள்ளாமல் சொல்வது என்றார் தாடிக்காரர். இருபது வருஷமாக மிளகு விற்பவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

அந்தப் பாட்டுக்கு மொத்தமே மூன்று பிடிதான், விரல்களைச் சேர்த்துக் கம்பிகளை அமுக்கும் மூன்று விதம். இரண்டு வந்துவிட்டது. மூன்றாவதில் விரல் நான்கும் நான்கு ஊருக்குப் போயின. அந்த இடத்தில் பாட்டு நின்றுவிடும். மறுபடி முதலிலிருந்து.

சந்தையில் முள்ளுக்குறிச்சி வியாபாரி அர்த்தனாரி துண்டை விரித்தார். வாயால் விலை பேசுகிற ஆள் இல்லை. துண்டுக்கடியில் கை பிடிப்பார். அறுநூறுக்கு மேல் ஒரு விரலுக்குப் பத்து ரூபாய். வேடிக்கை பார்ப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

குழந்தைசாமி வலது கையை உள்ளே விட்டார்.

அர்த்தனாரி ஐந்து விரலையும் பிடித்தார். அறுநூற்று ஐம்பது. குழந்தைசாமி உதறினார். இன்னும் ஒரு விரல். அதையும் உதறினார்.

அர்த்தனாரியின் கை சட்டென்று நின்றது. பிறகு காய்த்துப்போயிருந்த விரல் நுனிகளை ஒவ்வொன்றாக நெருடிப் பார்த்தார், மிளகு நன்றாகக் காய்ந்திருக்கிறதா என்று பார்ப்பதைப் போல.

“கிடாருங்களா?” என்றார் காதோரம்.

குழந்தைசாமி தலையை ஆட்டினார்.

“மூணாவது பிடி வர மாட்டேங்குதுங்களா?”

குழந்தைசாமி யார் காதிலாவது விழுந்ததா என்று சுற்றிலும் பார்த்தார்.

“அது ஏன்னு எனக்குத் தெரியுமுங்க. நானும் அதே குழியில உளுந்து எந்திரிச்சவன்தான்” என்று சொல்லி, மூன்றே மூன்று விரலைப் பிடித்தார்.

அறுநூற்று முப்பது.

ஒரு துண்டு அவ்வளவு நேரம் அசையாமல் கிடந்து சோளக்காடு பார்த்ததில்லை.

குழந்தைசாமி உதறவில்லை.

அர்த்தனாரி துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, தன் இடது கையை விரித்துக் காட்டினார். நான்கு நுனியும் காய்த்திருந்தன.

“போன்ல இருக்கறவரு நம்மளப் பாத்துல்லங்க உக்காந்திருக்காரு! அவரோட எடது கை நமக்கு வலது பக்கமாத் தெரியும். நீங்க கண்ணாடியப் பாக்கறாப்புல வலது கையில பழகிப்போட்டீங்க. கம்பிய அமுக்கறது எடது கைங்க.”

குழந்தைசாமி காலி சாக்கோடு பஸ்ஸில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தார்.

மிளகில் கிலோவுக்கு நாற்பது போனது. பிடியில், கையிருப்பு என்று நினைத்திருந்த இரண்டும் செல்லாது.

பாக்கி மூன்று.