தகுந்த காரணம்

மார்க் ஷீட்டைப் பார்த்ததும் வக்கீல் தனுஷ்கோடியின் மூக்கு சுருங்கியது. ஜூனியராகச் சேர வந்திருந்த ரெஜினா கோர்ட் வராந்தாவிலேயே வாதாடினாள்.

"பரீட்சை சமயத்துல அம்மை போட்டிருச்சு சார். வேப்பிலைப் படுக்கையிலேர்ந்து எழுந்துபோய்த்தான் எழுதினேன்."

"இதெல்லாம் ஒரு காரணமாம்மா? சாக்குச் சொல்ற ஆளே எனக்கு ஆகாது."

அதற்குள் அவருடைய வழக்கைக் கூப்பிட்டுவிட்டார்கள். ஃபைலை அவர் இன்னும் பிரித்தே பார்க்கவில்லை. உள்ளே ஓடிப்போய்க் குனிந்து நின்றார்.

"ஒரு வாய்தா வேணுங்கய்யா. கேஸ் பாக்குற ஜூனியருக்கு அம்மை."

"உங்களுக்கு ஏதுய்யா ஜூனியர்?" என்றார் நீதிபதி.

தனுஷ்கோடியின் விரல் தயங்கித் தயங்கி வாசலைக் காட்டியது. எல்லாத் தலைகளும் திரும்பின. மார்க் ஷீட்டும் கையுமாக நின்ற ரெஜினா ஒரு கணம் யோசித்தாள். பிறகு, நிதானமாகக் கழுத்தைச் சொறிய ஆரம்பித்தாள்.