கடல் தாண்டிய பேரம்

“இன்னைக்கும் விலையை ஏத்திட்டான் பாரு! நான் சொன்னேனா இல்லையா?” இசைக்கருவிக் கடைக்காரர் போனை மனைவியின் மூக்குக்கு நேராக நீட்டினார்.

மனைவி கிட்டார் கம்பிகளைத் தடிமன் வாரியாகப் பிரித்து டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தாள். நெளிந்த வளையலை முழங்கை வரை தள்ளிவிட்டுக்கொண்டாளே தவிர, நிமிரவில்லை.

“குடுத்துத் தொலைங்களேன். ஆர்டர் குடுத்தவன் வராமலே போய், பரண்ல தூங்கற சரக்கு. நெட்ல போட போட்டோ எடுத்தீங்களே, அன்னைக்குத் திரையைப் பிடிச்சுக்கிட்டு நின்னதுல எனக்குக் கை வலிதான் மிச்சம். மொதல் நாள் அவன் கேட்ட விலையே நமக்குக் கட்டுபடியாகும்.”

“கட்டுபடியாகற விலைக்கு விக்கறதுக்கு நான் எதுக்கு? கல்லாவுல ஒரு பொம்மையை உட்கார வச்சாப் போதுமே! வெளிநாட்டுக்காரன், தினமும் காலையில வந்து கொஞ்சம் கொஞ்சமா ஏறுறான். ஏன்? அவனுக்கு அங்க என்னமோ அவசரம். நமக்கு என்ன அவசரம்? நாளைக்கு இன்னும் ஒரு படி ஏறுவான்.”

அவர் அப்பாவின் ஜவுளிக்கடைக் கல்லாவுக்குப் பக்கத்திலேயே தவழ்ந்து வளர்ந்தவர். பால்புட்டியைக்கூடப் பேரம் பேசித்தான் வாங்கிக் குடித்திருப்பார் என்பது மனைவியின் கட்சி.

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை போல. வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

“அண்ணே, நான் எதுவும் வாங்க வரல. ஒரு யோசனை கேக்கணும். திட்டாம சொல்லணும்.”

“வாங்காதவங்களைத் திட்டினா வாங்கறவங்களும் ஓடிப்போயிடுவாங்கம்மா. உட்காருங்க.” கடைக்காரர் துணியை எடுத்து, கண்ணாடி மேசையைத் துடைக்க ஆரம்பித்தார்.

“என் பொண்ணுக்கு ஆன்லைன்ல ஒரு கிட்டார் ஆர்டர் பண்ணேன். வெளிநாட்டு ஆளு. காசு முழுசும் கட்டியாச்சு. கேக்கறப்பல்லாம் நாளைக்கு அனுப்பறேன், நாளைக்கு அனுப்பறேன்ங்கறான். சனிக்கிழமை அவளுக்கு இசைப் பள்ளியில தேர்வு. தேறிட்டா படிப்பு, தங்கற இடம் எல்லாம் அவங்களே பாத்துக்குவாங்க. இந்த வருஷம் விட்டா வயசு தாண்டிடும்ணே.”

“சாமான் அவன் கையில இருக்கான்னு கேட்டீங்களா?”

“கையில இல்லாம எப்படிண்ணே விப்பான்?”

கடைக்காரர் சிரித்துவிட்டார். அவள் முகத்தைப் பார்த்ததும் குரலை இறக்கினார்.

“அவனுங்க தொழிலே அதுதாம்மா. சரக்கு கிடையாது, கடை கிடையாது. எவனோ ஒருத்தன் போட்டோவை எடுத்துத் தன் சரக்குன்னு போடுவான். விலையை ரெண்டு மடங்கா வைப்பான். நீங்க காசு கட்டின பிறகுதான், நிஜமாவே வச்சிருக்கிற ஆளைத் தேடிப் போவான். அந்த ஆள் மசிஞ்சா உங்களுக்குக் கிட்டார். மசியலைன்னா நாளைக்கு, நாளைக்குத்தான்.”

“போட்டோல எல்லாம் அவ்வளவு தெளிவா இருந்துச்சுண்ணே. கம்பி முறுக்கற திருகு வரைக்கும்.”

“கல்யாணத் தரகர் கையிலகூடத் தெளிவான போட்டோதான் இருக்கு. பொண்ணு என்ன அவர் வீட்லயா இருக்கு?”

அவள் சிரிக்கப் பார்த்தாள். உதடு கோணியதே தவிரச் சிரிப்பு வரவில்லை. கோட்டுக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மனைவிக்குப் பொறுக்கவில்லை. “அழாதீங்கம்மா. அவன்கிட்டப் பணத்தைத் திருப்பிக் கேளுங்க. தேர்வுக்கு நாங்க ஒண்ணு இரவல் தர்றோம். என்னங்க, தரலாம்ல?”

“தாராளமா! சுவத்துல எது பிடிச்சிருக்கோ எடுத்துக்கட்டும். ஆனா ஒண்ணு கேக்கறேன், கண்ணு முன்னால இத்தனை தொங்கறப்ப நீங்க எதுக்கும்மா கடல் தாண்டிப் போனீங்க?”

“இதெல்லாம் அவளுக்கு ஆகாதுண்ணே. அவ இடது கைக்காரி. சாதாரண கிட்டாரைத் திருப்பிப் பிடிச்சுக்கிட்டுத்தான் இத்தனை நாளா வாசிக்கறா. கம்பியெல்லாம் தலைகீழா நிக்கும். பள்ளியில அதெல்லாம் செல்லாது, முறையான இடது கைக் கிட்டாரோட வான்னுட்டாங்க. பெரிய கடைங்கள்ல எல்லாம் கேட்டுட்டேன். அப்படி ஒண்ணு இந்த ஊர்ல யாருமே வச்சிருக்க மாட்டாங்க, வச்சா விக்காதுன்னு சொல்லிட்டாங்க.”

மேசையைத் துடைத்துக்கொண்டிருந்த துணி நின்றது. மனைவி கம்பி டப்பாவை மூடிவிட்டுக் கணவரையே பார்த்தாள்.

“அந்தப் போட்டோவைக் கொஞ்சம் காட்டுங்கம்மா.”

அவள் நீட்டிய போனில் கடைக்காரர் இரண்டு விரலால் படத்தை விரித்தார். பளபளவென்று கிட்டார். அதன் பின்னால் பச்சைத் திரை. திரையின் ஓரத்தைப் பிடித்திருந்த ஒரு கை. கையில் நெளிந்த வளையல்.

அவர் திரும்பி மனைவியின் வளையலைப் பார்த்தார்.

“என்னண்ணே? ரொம்ப மோசமான ஆளா?”

“அவன்கூடப் பரவாயில்லம்மா. பாவம், தினமும் முயற்சி பண்ணிக்கிட்டுத்தான் இருக்கான்.”

மனைவி ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பரணில் சாய்த்தாள்.

கடைக்காரர் தன் போனை எடுத்து அந்த வெளிநாட்டுக்காரனுக்கு எழுதினார்: ‘முதல் நாள் நீங்கள் கேட்ட விலைக்கே தருகிறேன். கூரியர் செலவும் வேண்டாம்; உங்கள் வாடிக்கையாளர் என் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறார்.’