இலவச பஸ்ஸில் ஒரு வித்தவுட்

பென்னாகரத்தைத் தாண்டி மூன்றாவது ஸ்டாப்பில் செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறினார்.

கண்டக்டர் பச்சியப்பனுக்கு அது நாலாவது நடை. முழங்காலுக்குக் கீழே கால் இருக்கிறதா என்றே தெரியவில்லை. காலையில் சில்லறைக்காக மனைவி சுகுணாவின் பையைக் கொட்டித் தேடியிருந்தான். மாத்திரை அட்டை, விபூதிப் பொட்டலம், ஒரு துண்டு வசம்பு எல்லாம் விழுந்தன, சில்லறை மட்டும் விழவில்லை. இன்றைக்கு உருப்பட்ட மாதிரிதான் என்று அப்போதே நினைத்தான்.

நினைத்தபடியே ஆயிற்று. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ராமக்காவிடம் டிக்கெட் இல்லை.

வித்தவுட் என்றால் இந்தப் பக்கத்தில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். டிக்கெட் எடுக்காமல் ஒளிந்து வருகிற ஆள். இருபத்தாறு வருஷத்தில் பச்சியப்பன் பார்க்காத வித்தவுட்டா? ஏறியதும் குறட்டை விடுகிறவன், பின்னால் வருகிற மாமனைக் கைகாட்டுகிறவன், மாமனும் வித்தவுட்டாக இருப்பது, எல்லாம் பார்த்தாயிற்று.

ஆனால் இது பெண்களுக்குக் காசே வாங்காத டவுன் பஸ். மிஷினில் அடித்துக் கொடுக்கிற சீட்டை வாங்கி வைத்துக்கொண்டால் போதும். இதில் போய் ஒரு வித்தவுட்.

அவனுக்கு எரிச்சலாக வந்தது. அவன் கையாலேயே கொடுத்த டிக்கெட் அது. வியாழக்கிழமை தவறாமல் ஏரியூருக்கு வருகிற அம்மாள்.

"நீ குடுக்கலைன்னா மெமோ உனக்கு. குடுத்து அந்தம்மா தொலைச்சிருந்தா அபராதம். கையில காசு இல்லைன்னா வூட்டுக்குப் போன் போட்டு ஆளை வரச்சொல்லட்டும். நான் முன்னால பாத்துட்டு வர்றதுக்குள்ள எதுன்னு சொல்லு" என்று இன்ஸ்பெக்டர் நகர்ந்தார்.

இந்த வருஷம் ஏற்கெனவே இரண்டு மெமோ. மூன்றாவது வந்தால் இன்கிரிமென்ட் போய்விடும்.

"தேடுங்கம்மா, குடுத்தேன்ல" என்றான்.

ராமக்கா பையைத் தொடவே இல்லை. முகம் வெளிறிவிட்டது.

"அண்ணா, வூட்டுக்கு மட்டும் போன் போட வேணாங்க." குரல் பக்கத்து சீட்டுக்குக்கூடக் கேட்டிருக்காது. "பொண்ணு ஏரியூர்ல இருக்குது. வேற சாதியில கட்டிக்கிச்சுன்னு அவரு சேத்துக்கல. நான் எங்க போனாலும் வந்ததும் பையைக் கொட்டிப் பாப்பாரு. டிக்கெட்டுல ஊர் பேரு போட்டிருக்குதுங்களே. அதான் வாங்கினதும் வெளிய போட்டுருவேன்."

பச்சியப்பன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

இன்ஸ்பெக்டர் திரும்பி வந்தார்.

"நாந்தான் சார் குடுக்க மறந்துட்டேன்."

"மூணாவது மெமோ. தெரியும்ல?"

"தெரியும் சார்."

கையெழுத்துப் போட்டான். இன்ஸ்பெக்டர் இறங்கிக்கொண்டார். பஸ் கிளம்பியதும் பச்சியப்பன் தன் சீட்டில் போய் உட்கார்ந்தான். மெமோவை மடிக்கக்கூடத் தெம்பில்லை.

எந்தப் பெண்ணின் பையை உதறினாலும் பழைய டிக்கெட் நாலு உதிரும். காசு கொடுக்காமல் வாங்கிய சீட்டை யார் மெனக்கெட்டு எடுத்துப் போடப் போகிறார்கள்? வாராவாரம் பஸ் ஏறி பாப்பாரப்பட்டி சந்தைக்குப் போய்வருகிற சுகுணாவின் பையில் மட்டும் இந்த இரண்டு வருஷத்தில் ஒன்றுகூடக் கிடந்ததில்லை.

சுத்தக்காரி என்று டிப்போவில் பெருமையாகச் சொல்லியிருக்கிறான்.

அவன் கொட்டித் தேடியது சில்லறைக்கு மட்டுமில்லை. பொம்மிடிப் பையனோடு போய்விட்ட மகளைத் தலைமுழுகியாச்சு என்று இரண்டு வருஷத்துக்கு முன்னால் வாசலில் நின்று கத்தியவன் அவன்தான். சுகுணா அன்றைக்கும் எதிர்த்துப் பேசவில்லை, அப்புறமும் பேசவில்லை. பையில் ஒன்றும் அகப்படாத ஒவ்வொரு நாளும் அவளும் மகளை மறந்துவிட்டாள் என்று அவனுக்கு நிம்மதியாக இருந்தது.

காலையில் விழுந்த வசம்புத் துண்டு நினைவுக்கு வந்தது. ஒரு பக்கம் உரைத்துத் தேய்ந்திருந்தது. கைக்குழந்தை இருக்கிற வீட்டில்தான் வசம்பு உரைப்பார்கள். அவன் வீட்டில் இருப்பது அவனும் சுகுணாவும்தான்.

மகளுக்குப் பிறந்தது ஆணா பெண்ணா என்றுகூட அவனுக்குத் தெரியாது.

ஏரியூரில் ராமக்கா இறங்கினாள். கும்பிடக் கை தூக்கியவளை, போங்கம்மா என்று தலையசைத்து அனுப்பினான்.

நாளையிலிருந்து சில்லறையை டிப்போவிலேயே கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டு விசிலை ஊதினான்.