ஒருவருக்கு ஒருமுறை

தம்பி துரைப்பாண்டியைத் தூக்கிலிட இன்னும் ஒரு மணி நேரமே இருந்தது. கடைசி மேல்முறையீட்டை ரத்த உறவுதான் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது புதுச்சட்டம். செவ்வந்தி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நீதிமன்ற அறைக்குள் போனாள். வக்கீல் செயலி எழுதித் தந்ததை ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தாள்.

"இது செயலியின் பேச்சு. மனு தள்ளுபடி" என்றது நீதிபதி இயந்திரம். திரை அணைந்தது.

அவளுக்கு நகர மனம் வரவில்லை. "ஐயா, அவனுக்குச் சின்னதுல இருந்தே கழுத்துல கை பட்டா கூசும்யா. சட்டையில மேல் பட்டன்கூடப் போடமாட்டான்..."

திரை மறுபடி ஒளிர்ந்தது.

"இது அசல் பேச்சு. ஆனால் ஒருவருக்கு ஒருமுறைதான். அடுத்த உறவினர் வந்து இதையே சொல்லலாம்."

செவ்வந்தி திரும்பிப் பார்த்தாள். வாசலில் அவள் செருப்பு மட்டும் கிடந்தது.